ஸ்கோப்பைச் சும்மா கொடுத்துவிட்ட மகனுக்கு

கார்த்தி,

மஸ்கட் விமான நிலையத்தில், ஏறும் வாசலுக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்டியைப் போட்டாயிற்று. விமானம் தாமதம் என்கிறார்கள். அதை ஒலிபெருக்கியில் சொல்கிற பெண், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி அத்தனை சந்தோஷமாகச் சொல்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாளைக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். சொல்லாமல் வந்து நிற்கலாம் என்றுதான் இருந்தேன். உன் அம்மா விடவில்லை. “புள்ளைட்ட சொல்லிட்டுப் போங்க. போலீஸ்காரன் மாதிரி போய்க் கதவைத் தட்டாதீங்க” என்றாள். போனில் சொல்லலாம் என்றால், நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியும். அங்கே குளிர் எப்படி என்று ஆரம்பித்து, ரைபிள் டிரிக்கரில் போய் முடிப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். ஏறுவதற்கு முன்னால் அனுப்பிவிடுவேன். நீளமாக இருக்கிறது என்று தள்ளிவிடாதே, முழுக்கப் படி.

எனக்குப் பயமாக இருக்கிறது, கார்த்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது பிரதீபன் கூப்பிட்டான். உன் கிளப்பில் உன்னோடு சுடுகிற அந்த யாழ்ப்பாணத்துப் பையன். உன் ரைபிளுக்கு டிரிக்கர் மாற்றியபோது, நான் வீடியோ காலில் வழி சொல்ல, பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தானே, அப்போதிலிருந்து என் எண் அவனிடம் இருக்கிறது. ஸ்கோப்பைப் பிடிக்கிற வளையத்தின் ஸ்குரூவை எவ்வளவு முறுக்கலாம் என்று கேட்டான். எந்த ஸ்கோப் தம்பி என்றேன். “கார்த்தின்ர ஸ்கோப்தான் அங்கிள். எனக்குத் தந்திட்டார். காசு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். நானும் எவ்வளவோ கேட்டுப் பாத்தன், வாங்கேல்ல” என்றான். பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கு எழுந்து உட்கார வேண்டியிருந்தது. அப்போ ரைபிள் என்று கேட்டேன். “அது அவரிட்டத்தான் இருக்கு அங்கிள்” என்றான்.

வேறு எந்த அப்பனாக இருந்தாலும், பையன் தாராள மனசுக்காரன் என்று நினைத்திருப்பான். என் துரதிர்ஷ்டம், நான் ரைபிள் திருத்துகிற வேலையில் தலை நரைத்தவன். அந்த ஸ்கோப் ரைபிளைவிட விலை அதிகம். அதை வாங்குவதற்கு நீ என்னை எத்தனை கேள்வி கேட்டுப் படுத்தியிருப்பாய். உன் ரைபிளில் குழல்மேல் குறி பார்க்கிற முள் எதுவும் கிடையாது, ஸ்கோப் இல்லாமல் இலக்கைப் பார்க்கவே முடியாது. ஸ்கோப்பைக் கொடுத்துவிட்டு ரைபிளை மட்டும் வைத்துக்கொள்கிறவன் இனிமேல் மைதானத்துக்குப் போகப்போவதில்லை. தூரத்தில் இருப்பதைச் சுடுவதற்குத்தான் ஸ்கோப் வேண்டும். இதற்கு மேல் யோசிக்க என்னால் முடியவில்லை.

நீ ரைபிள் வாங்கப்போகிறேன் என்று சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிவேதா உன்னை விட்டுப் போய், விவாகரத்துக் காகிதம் எல்லாவற்றிலும் கையெழுத்தாகி முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் நீ கூப்பிட்டு, “அப்பா, லாங் ரேஞ்ச் ஷூட்டிங்குக்கு ஒரு ரைபிள் பாக்கணும், எதுப்பா நல்லது?” என்றாய். உன் அம்மா அன்றைக்கே கேட்டாள்: “தனியா இருக்குற புள்ளைக்கு எதுக்குங்க துப்பாக்கி?” நான் சிரித்தேன். அது விளையாட்டுடி, செஸ் மாதிரி, காற்றையும் தூரத்தையும் கணக்குப் போடுகிற விளையாட்டு என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே மஸ்கட்டில், ரூவியில் வளர்ந்த காலம் முழுக்க, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் ‘மெக்கானிக்’ என்று சொல்லி முடித்தவன் நீ. இங்குள்ள துப்பாக்கி சுடும் கிளப்பின் ஒர்க்ஷாப்பில் அடுத்தவர்களுடைய ரைபிளைத் துடைத்து, திருத்தி, சோதித்துக் கொடுப்பதிலேயே என் ஆயுசு போயிற்று. வெளிநாட்டுக்காரனான நான் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ள வழியில்லை. சோதனைக்குச் சுடுகிறதோடு சரி. என் மகன் லைசென்ஸ் எடுத்து, தனக்கென்று ஒன்று வாங்கி, அதைப் பற்றி என்னிடம் கேட்கிறான்! மறுநாள் டூட்டிக்குப் போய் ரஷீத் பாயிடம் சொன்னேன். என்னோடு அத்தனை வருஷமும் ஒரே மேஜையில் வேலை பார்த்த பெஷாவர்க்காரர். “ஆகிர் பேட்டா லைன் பே ஆ கயா!” என்று என் முதுகில் ஓர் அறை வைத்தார். கடைசியில் பையன் வழிக்கு வந்துவிட்டானாம். இன்னும் வலிக்கிறது.

அந்த மாதங்கள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். நீ அனுப்பிய ரைபிள் படங்களை உன் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன், என்னுடையது எங்கே என்று தேடப் பொறுமை இருக்காது. பார்க்க அழகாக இருப்பதை விடு என்றேன். நிறையப் பேர் வைத்திருக்கிற ரகமாக எடு, நாளைக்கு எந்த உதிரிப் பாகமும் அலையாமல் கிடைக்கும். குழல் கனமாக இருக்கட்டும், நீ அதைத் தூக்கிக்கொண்டு மலையேறப் போவதில்லை, படுத்துக்கொண்டு சுடப்போகிறாய். சுடும்போது தோளில் பெரிதாக உதைக்கிறது வேண்டாம். உதைக்குப் பயந்த விரல் டிரிக்கரை அழுத்தாது, வெடுக்கென்று பிடுங்கும். த்ரீ நாட் எய்ட் அளவுக் குழல் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அதன் குண்டைக் காற்று தன் இஷ்டத்துக்குத் தள்ளும். ஆறரை மில்லிமீட்டர் அளவு என்றால் உதையும் குறைவு, காற்றுக்கும் கொஞ்சம் தாங்கும், குழல்தான் சீக்கிரம் தேயும். நீ ஆறரையை எடுத்தாய். குழலுக்குள் இருக்கிற சுருள் பள்ளத்தின் முறுக்கு நீ வாங்கப்போகிற கனமான குண்டுக்குப் பொருந்துகிறதா என்று கடையில் கேட்கச் சொன்னேன், கேட்டாய். உன் வாழ்நாளில் நான் சொன்னதை நீ அப்படியே கேட்டது அதுதான் முதல் தடவை என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

வாங்கியதும் எதையும் மாற்றாதே என்று சொன்னேனே, அதற்கு ஒரு காரணம் இருந்தது. உனக்கு அப்போது அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எங்கள் கிளப்புக்கு ஓர் இளைஞர் வருவார், வசதியான வீடு, நல்ல மனிதர். கம்பெனியிலிருந்து வந்த புது ரைபிள் ஒன்று வாங்கினார். ஒரு குண்டுகூடச் சுடாமல் ரைபிளைத் தாங்குகிற கட்டையை மாற்றினார், டிரிக்கரை மாற்றினார், குழலை மாற்றினார், குழல் முனையில் உதையைக் குறைக்கிற பிரேக்கையும் மாட்டினார். கம்பெனி செய்ததில் குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டும் அதைச் சுற்றியுள்ள இரும்பும்தான் மிச்சம். மைதானத்தில் படுத்துச் சுட்டால் முதல் சில குண்டு ஒன்றாக விழும், அதற்கப்புறம் கோழி கிளறிய மாதிரி. எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லாம் புதுசு, எல்லாம் உசத்தி, எதைக் குறை சொல்வது? ரஷீத் பாயும் நானும் பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு தடவையும் சுட்டுப் பார்த்தோம். நான் பொறுமை இழந்து இரண்டை ஒன்றாக மாற்றப் போனால், “ஏக் ஏக் கர்கே, பாய். ஜல்தி நஹி” என்று கையைத் தட்டிவிடுவார், ஒவ்வொன்றாகவாம், அவசரம் கூடாதாம். கடைசியில் பார்த்தால், புதுக் குழல் சூடேறியதும் புதுக் கட்டையின் முன்பக்கத்தில் லேசாக உரசியது. குளிர்ந்திருக்கும்போது நடுவில் காகிதத்தை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், சூட்டில் போகாது. இத்தனை நாளும் நாங்கள் குளிர்ந்த பிறகுதான் காகிதம் விட்டுப் பார்த்திருக்கிறோம்.

நீ செய்ததும் அதுதான், கார்த்தி. ரைபிளில் இல்லை. ரைபிளில் நான் சொன்னபடி ஒழுங்காகத்தான் போனாய். ஒரே வகைக் குண்டை வாங்கிச் சுட்டுப் பழகினாய், ஸ்குரூக்களை அளவு பார்த்து முறுக்கினாய், பிறகு ஸ்கோப், தூரம் கூடும்போது அதன் குமிழைத் திருப்ப இடம் வேண்டும் என்பதற்காக முன்பக்கம் லேசாகச் சரிந்த அடித்தட்டு, அப்புறம் டிரிக்கர். டிரிக்கரை ரொம்ப மென்மையாக வைக்காதே, அந்த ஊர்க் குளிரில் விறைத்த விரலுக்கு எங்கே தொடுகிறோம் என்பதே தெரியாது என்றேன், அதையும் கேட்டாய். ஆனால் நிவேதா போன அதே சமயத்தில் வீட்டை விட்டாய், யாரோ ஒருவர் வீட்டின் கீழ்த்தளத்துக்குப் போனாய், அத்தனை வருஷம் பார்த்த வேலையையும் விட்டாய், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சமைக்கிற நண்பர்களையும் விட்டாய், அவர்கள் அவளுக்கும் நண்பர்கள் என்பதற்காக. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது வலிக்கிறது என்று உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறாய். எதைக் குறை சொல்வது என்று தெரியாதபோது மனுஷன் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வான். நீயும் அதைத்தான் செய்கிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

நடுவில் நான் தைரியமாகத்தான் இருந்தேன். அதற்குக் காரணமும் நீதான். குளிர்காலம் முடியும்போது ஒரு நாள், “அப்பா, இந்த பேரல் தேஞ்சதுக்கு அப்புறம் இதே கேலிபர்லயே போடலாமா, வேற மாத்திக்கலாமா?” என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் சமையலறைக்கு ஓடினேன். “பேரல் தேயிற வரைக்கும் சுடப்போறவன்டி இவன். அவனுக்கு ஒண்ணுமில்ல, நீ சும்மா இரு” என்றேன். உன் அம்மா திரும்பாமல் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்புறம் உன் கேள்விகள் குறைந்தன. நானாக எதையாவது எடுத்துப் போடுவேன். கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில் இடைவெளி இல்லாமல் கெட்டிப் பசை ஊற்றி உட்காரவைக்கிற வேலையை நான் வரும்போது செய்துதருகிறேன் என்பேன். “ஓகேப்பா” என்று வரும். வெயில் ஏறினால் இங்கே மைதானத்தில் கானல் எழும்பி, ஸ்கோப்புக்குள் இலக்கு தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஆடும், அந்த ஆட்டத்தைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் என்று சொல்லலாம், உன் ஊர்ப் பனிவெளியிலும் அது தெரிகிறதா என்று கேட்டேன். “தெரியலப்பா” என்று வந்தது. வேலைத் தேடலில் அலைகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. நம் குடும்பத்தில் தூரத்தில் இருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லுகிற பழக்கமே கிடையாது. நம் குடும்பம் என்ன, இந்த வளைகுடாவில் வேலை பார்க்கிற எந்த வீட்டிலும் கிடையாது. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், நீங்க, நாங்களும் நல்லா இருக்கோம். கால் உடைந்தாலும் அதுதான், வேலை போனாலும் அதுதான். அவன் அங்கேயிருந்து என்ன செய்யப்போகிறான், சொன்னால் டூட்டியில் கவனம் சிதறும், லீவு கிடைக்காது, ராத்திரி அழுவான் என்று இரண்டு பக்கமும் மறைப்பார்கள். உன் பெரிய அத்தை கதை உனக்குத் தெரியாது. சங்கரன்கோவிலிலிருந்து உன் சித்தப்பா கூப்பிட்டு, “அக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, கிளம்பி வா” என்றான். நான் எப்படியோ லீவு வாங்கி டிக்கெட் போட்டேன். விமானத்துக்குப் போகிற வழியில் ரூவி கடையில் இறங்கி, அவளுக்கு மூட்டு வலிக்குத் தைலமும், அவளுக்குப் பிடித்த ரோஜா வாசனை சென்ட் ஒன்றும் வாங்கினேன். கடைக்காரரிடம் பேரம் வேறு பேசினேன். ஊரில் இறங்கினால் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் சென்ட் வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் இறந்து ஒரு ராத்திரி கழிந்திருந்தது. யாரையும் திட்ட முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நீ உன் கல்யாணம் முறிந்ததை எங்களிடம் மறைத்தபோது, யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கவே இல்லை.

அந்தச் சாவு முடிந்து நான் டூட்டிக்குத் திரும்பிய அன்று நடந்ததையும் கேள். எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு முறை உண்டு. சாயங்காலம் பூட்டும்போது ஒவ்வொரு ரைபிளிலிருந்தும் போல்ட்டை உருவி வேறு அலமாரியில் வைத்துவிடுவோம். போல்ட் இல்லாத ரைபிள் வெறும் இரும்புக்குழாய். ரைபிள் அலமாரியின் சாவி என்னிடம், போல்ட் அலமாரியின் சாவி ரஷீத் பாயிடம். இரண்டும் ஒருவர் கையில் இருக்கக்கூடாது. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு இது அவமானமாக இருந்தது. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று ரஷீத் பாயிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். “தும் பே பரோசா ஹை, பாய். ஹர் தின் பே நஹி” என்றார். உன்னை நம்புகிறேன், எல்லா நாளையும் நம்ப முடியாது என்று அர்த்தம். அக்காவை எரித்துவிட்டு வந்து நின்ற அன்று என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டி என் சாவியை வாங்கி, கிளப் மேற்பார்வை பார்க்கிற ஓமானி அதிகாரியிடம் கொடுத்துவிட்டார். நான் மறுபடி நன்றாகச் சாப்பிட ஆரம்பிக்கும்வரை திருப்பித் தரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் என்ன பைத்தியமா என்று கேட்டேன். “மாலூம் நஹி. சாய் பீயோ” என்றார். தெரியாதாம், டீயைக் குடியாம்.

அதனால் இன்று காலை ஒரு காரியம் செய்தேன். நீ கேட்டால் குதிப்பாய். பிரதீபனைக் கூப்பிட்டு என் பயத்தைச் சொன்னேன். ஸ்கோப்புக்காகச் சந்தோஷப்பட்ட பையன், “ஐயோ அங்கிள், நான் ஒண்டும் யோசிக்கேல்லயே” என்றான். உன் வீட்டுக்கு இப்போதே போகச் சொன்னேன். போல்ட்டையும் குண்டுகளையும் உன்னிடம் கேட்டு வாங்கித் தன் வீட்டில் பூட்டிவைக்கச் சொன்னேன், அவனும் லைசென்ஸ் உள்ளவன்தானே. வைத்துவிட்டு உன்னிடமே திரும்பி வந்து, நான் வரும்வரை உன்னோடு இருக்கச் சொன்னேன். “நீங்க யோசிக்காதேங்கோ அங்கிள், நான் அவரை விட்டிட்டு அசையமாட்டன்” என்றான். நீ ஒரு பெரிய ஆள், உன்னைக் கேட்காமல் உன் பொருளில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் வைத்துவிட்டேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால், நீ வாயார என்னைத் திட்டு. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரி. சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

உன் அம்மாவும் வருகிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உன் கல்யாண வரவேற்புக்கு வந்தபோது எடுத்த விசா அவளுக்கும் இருக்கிறது. அவள் வரவில்லை. “நான் வந்தா அவன் எனக்காகச் சிரிப்பான். உங்களுக்காகச் சிரிக்க மாட்டான். நீங்க மட்டும் போங்க” என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அவள் சொல்வது சரி. பெட்டியில் பருப்புப் பொடியும் உன் பழைய ஸ்வெட்டர் ஒன்றும் வைத்திருக்கிறாள். ரூவி வெயிலில் அந்த ஸ்வெட்டரை எதற்கு இத்தனை வருஷம் வைத்திருந்தாள் என்று நீயே அவளிடம் கேட்டுக்கொள்.

நாமிருவரும் உண்மை பேசுவது என்றால் யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டும். நான் ஆரம்பிக்கிறேன். எனக்கு வேலை போய்விட்டது. ஒர்க்ஷாப்பை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். “கலாஸ், பாய்”, முடிந்தது என்று கைகொடுத்து அனுப்பினார்கள். போன மாதமே நடந்தது. கூப்பிடும்போதெல்லாம் டூட்டியிலிருந்து இப்போதுதான் வந்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நான் வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் காலையில் யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் சுற்றிவிட்டு வந்தேன், பக்கத்து ஃபிளாட்காரர்கள் பார்ப்பார்களே என்று. கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது. நான் யாருக்குமே தேவையில்லை என்று தோன்றுகிறது. சொல்லிவிட்டேன். இதை எழுதுகிறபோது காது சூடாகிறது, ஆனாலும் நெஞ்சில் கொஞ்சம் காற்று போகிறது.

இப்போது உன் முறை. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல். நான் கத்தமாட்டேன், ஒப்பாரி வைக்கமாட்டேன், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்கமாட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத நினைப்பையும் நாமே கிளப்பிவிட்டது போலாகும் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, நான் பயந்தது உன் பதிலுக்கு. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே இதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள், சேர்ந்து போவோம், வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இப்போது திரும்பிப் போக டூட்டியும் கிடையாது, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருப்பேன். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் சரிசெய்வோம். முதலில் தூக்கம், சாப்பாடு. அப்புறம் வேலையோ வீடோ, நீ எதைச் சொல்கிறாயோ அது. ரைபிள் எல்லாவற்றுக்கும் கடைசியில். அது எப்போதுமே வேண்டாம் என்று உனக்குத் தோன்றினாலும் எனக்கு வருத்தமில்லை. நான் சந்தோஷப்பட்டது ரைபிளுக்காக இல்லை, நீ கேள்வி கேட்டதற்காக.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. போன் அடித்தது. பிரதீபன். “அங்கிள், கதவைத் துறந்திட்டார். போல்ட்டையும் தந்திட்டார், ஒண்டும் சொல்லேல்ல. கதைக்கிறியளோ?” என்றான். அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நீ போனை வாங்கிவிட்டுப் பேசவே இல்லை. நீ மூச்சு விடுகிற சத்தத்தை மட்டும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏர்போர்ட் முழுக்க யார்யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள், ஒரு குழந்தை வீல் என்று கத்துகிறது, எனக்கு உன் மூச்சு மட்டும் கேட்கிறது. நான் பழக்கதோஷத்தில், “என்னல, நல்லா இருக்கியா?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். கேட்ட மாத்திரத்தில் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இத்தனை எழுதிவிட்டு, வாயைத் திறந்ததும் அதே கேள்விதான் வருகிறது.

“நல்லா இல்லப்பா” என்றாய்.

அதற்கப்புறம் நீ அழுதாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேரளாக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். கார்த்தி, நீ பிறந்த செய்தியை எனக்குப் போனில் சொன்னபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சு விம்மவில்லை. ஏறுவதற்கு வரிசை ஆரம்பித்துவிட்டது. நல்லா இல்லாமலே இரு, அவசரமில்லை. அந்தப் பையனுக்குப் பசிக்கும், இரண்டு பேருமாகச் சோறு வடித்துச் சாப்பிடுங்கள். எனக்கும் கொஞ்சம் எடுத்துவை.

அப்பா